கப்பலைப் பிடித்த பிறகு என்ன? கடல் காவலர்களுக்கான பன்னாட்டுப் பயிற்சி பற்றி

அலைவாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, சரக்குக் கப்பலில் சீஃப் ஆபிசராக இருக்கிறேன். ஏடன் வளைகுடா வழியாகப் பலமுறை போய் வந்தவன். பல நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

1999 அக்டோபரில் 'அலோன்ட்ரா ரெயின்போ' என்ற கப்பல் சுமத்ராவின் குவாலா தஞ்சுங் துறைமுகத்திலிருந்து சுமார் 7,000 டன் அலுமினியக் கட்டிகளோடு ஜப்பானுக்குக் கிளம்பியது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கொள்ளையர் ஏறிவிட்டார்கள். கப்பலில் இருந்த 17 பேரையும் (2 ஜப்பானியர், 15 பிலிப்பினோக்கள்) உயிர்காப்பு மிதவையில் இறக்கிக் கடலில் விட்டுவிட்டார்கள். பத்து நாள் போல மிதந்த அவர்களைத் தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது. அதற்குள் கொள்ளையர் கப்பலின் பெயரை 'மெகா ராமா' என்று மாற்றி எழுதி, பெலிஸ் நாட்டுக் கப்பல் என்று சொல்லிக்கொண்டு அரபிக்கடல் வரை வந்துவிட்டார்கள். நம் கடலோரக் காவல்படையின் 'தாராபாய்' துரத்தியது, கடற்படையின் 'பிரஹார்' சேர்ந்துகொண்டது. நவம்பர் 16-ஆம் தேதி பிடித்தார்கள். கப்பலுக்குத் தீ வைத்து மூழ்கடிக்கப் பார்த்த 15 இந்தோனேசியர்களைக் கைது செய்து, மும்பைத் துறைமுகத்தின் எல்லோ கேட் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள்.

2003-இல் மும்பை அமர்வு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது.

அடுத்த கதை 2024 மார்ச். 'ரூயென்' என்ற சரக்குக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் மூன்று மாதமாக வைத்திருந்தார்கள். நம் கடற்படையின் 'கொல்கத்தா' 40 மணி நேரம் அதை நகர விடாமல் செய்து, கடைசியில் 35 பேரைச் சரணடைய வைத்தது. கப்பலில் இருந்தவர்கள் இங்கேயும் 17 பேர். கொள்ளையர்களைக் கொண்டுபோய் ஒப்படைத்ததும் அதே எல்லோ கேட் காவல் நிலையத்தில்தான்.

இடையில் 25 வருடம். அலோன்ட்ரா ரெயின்போவுக்குப் பிறகுதான் இந்தியா, ஜப்பான் கடலோரக் காவல்படைகள் 'சஹ்யோக் கைஜின்' என்ற கூட்டுப் பயிற்சியைத் தொடங்கின. 2006-இல் முறையான ஒத்துழைப்பு ஒப்பந்தமும் போட்டார்கள். சென்னைக்கே ஜப்பான் கப்பல்கள் பலமுறை வந்திருக்கின்றன. 2018-இல் 'சுகாரு', 2020-இல் 'எச்சிகோ', 2024 ஜனவரியில் 'யாஷிமா'. மறுநாள் பத்திரிகையில் படம் வரும். ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கும் வீரர், பக்கத்தில் புகை, பின்னால் தண்ணீர் பீய்ச்சும் கப்பல்.

அந்தப் படத்தில் இருப்பதெல்லாம் பிடிப்பது வரைக்கும்தான். 1999-இலேயே நாம் நன்றாகப் பிடித்தோம். கோட்டைவிட்டது அதற்குப் பிறகு. அந்தப் 'பிறகு' இருக்கிறதே, அதைப் பன்னாட்டுப் பயிற்சிகளில் எவ்வளவு சொல்லித்தருகிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

மதுரை_வக்கீல்

நல்ல இழை. அலோன்ட்ரா வழக்கு நடந்த காலத்தில் கடற்கொள்ளை என்று தனிக் குற்றப் பிரிவே நம் சட்டத்தில் கிடையாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொள்ளைக்கும் கூட்டுக்கொள்ளைக்கும் உள்ள பிரிவுகளை வைத்து, கரையில் நடந்த வீட்டுக்கொள்ளையை நடத்துவதுபோல் வழக்கை நடத்த வேண்டியிருந்தது. குற்றம் நடந்தது வேறு நாட்டுக் கரைக்குப் பக்கத்தில். கப்பலின் கொடி பனாமா, உரிமையாளர் ஜப்பான், குற்றம் சாட்டப்பட்டவர்கள் இந்தோனேசியர்கள், பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். இதில் மும்பை நீதிமன்றத்துக்கு என்ன அதிகாரம் என்று எந்த வக்கீலும் கேட்பான். நானும் கேட்டிருப்பேன்.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 105-ஆம் பிரிவு, ஆழ்கடலில் கொள்ளைக் கப்பலைப் பிடிக்கும் நாட்டின் நீதிமன்றமே தண்டனை கொடுக்கலாம் என்கிறது. ஆனால் அதை உள்நாட்டுச் சட்டத்தில் எழுதி வைத்தால்தானே நீதிபதி கையில் எடுப்பார்? நாம் அதை எழுதியது 2022-இன் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தில். ரூயென் கொள்ளையர் வந்தபோது அது அமலுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

இன்னொரு வழக்கைச் சொல்கிறேன், நம்மூர் வழக்கு. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு வெளியே 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை மடக்கியது. கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்க ஆயுதக் காவலர்களை ஏற்றிச் செல்லும் தனியார் கப்பல் அது. மாலுமிகள் 10, காவலர்கள் 25, மொத்தம் 35 பேர் கைது. தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு விசாரித்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்து வருடம் கொடுத்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. கப்பல் எங்கே நின்றது, ஏன் அங்கே வந்தது என்ற இரண்டு கேள்விதான் அந்த வழக்கின் உயிர். நம் கடல் எல்லையான 12 கடல் மைலுக்கு உள்ளேயா வெளியேயா? உள்ளே என்றால், ஆபத்தில் ஒதுங்கியதா, வேறு நோக்கமா?

கடலில் மகஜர், அதாவது பிடித்த இடத்திலேயே எழுதும் பறிமுதல் பதிவு, எழுதுவது அவ்வளவு லேசு இல்லை. கரையில் 'இன்ன தெரு, இன்ன கதவு எண்' என்று எழுதலாம். கடலில் இடம் என்றால் அட்சம், தீர்க்கம். கப்பலோ ஓடிக்கொண்டிருக்கிறது. நேரம்? கப்பல் பதிவேட்டில் கிரீன்விச் நேரம், காவல் நிலையத்தில் இந்திய நேரம். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். இரவு 8 மணிக்குக் கிரீன்விச் நேரத்தில் எழுதியது நமக்கு மறுநாள் அதிகாலை 1.30. தேதியே மாறிப்போகும். எது எந்த நேரம் என்று எழுதாமல் விட்டுவிட்டால், குறுக்கு விசாரணையில் அது போதும். கைது செய்த நேரத்துக்கு முன்னாடியே பறிமுதல் நடந்திருக்கிறதே என்று கேட்டு சாட்சியைத் திணற வைத்துவிடலாம்.

---

சிவப்பு_மை

எல்லாம் சரி, அரசியலைப் பேசாமல் விட்டுவிட்டீர்களே. ஜப்பானும் அமெரிக்காவும் பிலிப்பைன்ஸ், வியட்நாம், மலேசியா அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பது கொள்ளையருக்காக மட்டுமா? 2023 ஜூனில் ஜப்பான், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் மூன்று நாட்டுக் கடலோரக் காவல்படைகளும் முதன்முதலாகச் சேர்ந்து பயிற்சி செய்த இடம் பட்டான் மாகாணத்தின் மரிவெலஸ் பக்கம். எதிரே தென்சீனக் கடல். பிலிப்பைன்ஸுக்கு 44 மீட்டர் ரோந்துக் கப்பல் பத்து, பிறகு 97 மீட்டர் கப்பல் இரண்டு, எல்லாம் ஜப்பான் கடனில் வந்தவை. கப்பலைக் கொடுப்பவன் பாடத்தையும் கொடுக்கிறான். யாரைத் தடுக்க என்பதும் அந்தப் பாடத்தில் இருக்கும்தானே.

---

பழைய_நாவிக்

வணக்கம். கடலோரக் காவல்படையில் நாவிக்காக, அதாவது மாலுமியாகச் சேர்ந்து, பிரதான் அதிகாரி என்ற பதவியில் ஓய்வு பெற்றவன். அலோன்ட்ரா விஷயத்தில் நான் இல்லை. ஆனால் சென்னையில் ஜப்பான்காரர்களோடு நடந்த பயிற்சி ஒன்றில் போர்டிங் டீமில், அதாவது கப்பலில் ஏறிச் சோதிக்கும் குழுவில் இருந்தேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பயிற்சிக்காக ஒரு கப்பலைக் 'கடத்தி' வைத்திருந்தார்கள். நாங்கள் ஏறினோம். நாலு பேரை மடக்கிக் கையைக் கட்டி உட்கார வைத்தோம். எங்களைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. கூட ஏறிய ஜப்பான் அதிகாரி ஒருத்தர், முப்பது வயது இருக்கும், சட்டைப் பையிலிருந்து சின்னப் பலகை ஒன்றை எடுத்தார். அதில் தேதி, நேரம், அட்சம் தீர்க்கம், இடத்தின் பெயர், வரிசை எண் எழுதினார். கீழே கிடந்த பொம்மைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். அப்புறம் தூரத்தில் நின்று ஒரு படம். அப்புறம் துப்பாக்கியை விரலால் சுட்டிக்காட்டும்படி பிடிபட்ட ஆளிடம் சைகை செய்து, அதையும் ஒரு படம். பிறகுதான் கையுறை போட்டு எடுத்து உறையில் போட்டார். உறையின் வாயில் ஒட்டிய தாளில் குறுக்காகக் கையெழுத்து. ஒரு துப்பாக்கிக்கு ஆறேழு நிமிடம் ஆனது. வெயில் கொளுத்துகிறது, பயிற்சிதானே என்று எங்கள் பையன்கள் நெளிந்தார்கள். அவர் அவசரப்படவே இல்லை.

பிறகு டீ குடிக்கும்போது கேட்டேன், ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று. அவர் ஆங்கிலமும் தடுமாற்றம், என் ஆங்கிலமும் அப்படித்தான். கையால் கழுத்துப் பட்டி கட்டுவதுபோல் காட்டி "கோர்ட்" என்றார். நீதிமன்றத்தில் அவரே போய் நிற்க வேண்டுமாம்.

அதன் பொருள் பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஜப்பானில் கடலோரக் காவல்படை ராணுவம் இல்லை. 1948-இல் தொடங்கும்போதே சட்டத்தில் அப்படி எழுதிவிட்டார்கள். அதன் அதிகாரிகளுக்குப் போலீஸ் அதிகாரம் உண்டு. கைது செய்பவரே விசாரித்து, கோப்பு கட்டி, அரசு வழக்கறிஞரிடம் கொடுப்பார். நம்மிடம் நாங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். கடலில் பிடிக்கலாம், சோதனை போடலாம், பறிமுதல் செய்யலாம். கரைக்கு வந்ததும் போலீஸிடமோ சுங்கத்துறையிடமோ ஒப்படைத்துவிட்டு அடுத்த ரோந்துக்குக் கிளம்பிவிடுவோம். ஒப்படைத்த இடத்தில்தான் சங்கிலி அறும். ஏறியவனுக்கு எழுதத் தெரியாது, எழுதுகிறவர் ஏறவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாட்டு அமைப்பு ஒரு மாதிரி. ஆனால் அன்றைக்குக் கற்றது நான் ஓய்வு பெறும் வரை கூடவே இருந்தது. அதற்குப் பிறகு என் டீமில் யாராவது பொருளைத் தொடுவதற்கு முன் படம் எடுக்காவிட்டால் நான் விட்டதே இல்லை.

---

கிள்ளான்_குமரன்

வணக்கம், மலேசியாவிலிருந்து. எங்கள் கடல்சார் அமலாக்க நிறுவனம், அதாவது ஏபிஎம்எம், 2004-இல் சட்டம் போட்டு 2005 நவம்பரில் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன்பு கடல் போலீஸ், சுங்கம், மீன்வளத்துறை, கடல்துறை என்று ஆளுக்கொரு படகை வைத்துக்கொண்டு ஓடினார்கள். புதிதாக ஒரு படையைக் கட்ட ஜப்பானைத்தான் மாதிரியாகப் பார்த்தார்கள். நிப்பான் அறக்கட்டளை 2006-இல் 'மார்லின்' என்ற பயிற்சிக் கப்பலையே கொடுத்தது. குவாந்தானில் அக்காடமி இருக்கிறது. பிற்பாடு ஜப்பானின் பழைய ரோந்துக் கப்பல்கள் இரண்டு 'பெக்கான்', 'அராவ்' என்று பெயர் மாறி எங்களிடம் வந்தன.

சிவப்பு_மை அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. மலாக்கா நீரிணை வழியாகத்தான் ஜப்பானுக்கு எண்ணெய் போகிறது. அவர்கள் நலம் இல்லாமல் செய்ய மாட்டார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கும் அது பயன்பட்டதே.

2015 ஜூனில் 'ஓர்கிம் ஹார்மனி' என்ற பெட்ரோல் கப்பல் காணாமல் போனது. கொள்ளையர் பெயர்ப்பலகையின் இரு ஓரத்திலும் சில எழுத்துகளை அழித்து 'கிம் ஹார்மன்' ஆக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலிய விமானமும் சேர்ந்து தேடியது. கண்டுபிடித்தபோது எங்கள் கப்பல்கள் சுற்றி நின்றும், கொள்ளையர் இரவில் உயிர்காப்புப் படகில் நழுவிவிட்டார்கள். அவர்களைப் பிடித்தது வியட்நாம், தோ சூ தீவில். ஒரு போன் போட்டால் எடுக்கிற ஆள் அந்தப் பக்கம் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஆசியக் கடலோரக் காவல்படைத் தலைவர்கள் 2004 முதல் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். கடற்கொள்ளைத் தகவல்களை நாடுகள் பகிர்ந்துகொள்ள சிங்கப்பூரில் ரீகாப் தகவல் மையம் 2006-இல் வந்தது. ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள் பிறகு நாட்டுக்கு ஒருத்தராக அதிகாரி ஆகும்போது, அந்தப் பழக்கம் எந்த ஒப்பந்தத்துக்கும் குறைந்ததில்லை.

---

கொட்டியாரக்குடா

நான் திருகோணமலை. நீதிமன்றங்களில் சிங்களம் தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறேன். எங்கட ஊரிலே ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்ற அலுவலகத்தின் கடற்குற்றப் பிரிவு, இலங்கைக் கடற்படையோடு சேர்ந்து பயிற்சிநெறி நடத்துகிறது. இந்து சமுத்திரக் கரையோர நாடுகளிலிருந்து உத்தியோகத்தர்கள் வருவார்கள். கப்பலில் ஏறுவது, தேடுவது, கைப்பற்றுவது எல்லாம் அதில் உண்டு.

இந்தப் பக்கத்துப் பெரிய தலைவலி கொள்ளையரை விட ஹெரோயின்தான். ஈரான், பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கரையிலிருந்து சின்ன மரக்கலங்களிலே கிளம்பி வருகிறது. கொடி கிடையாது, பதிவு கிடையாது, பத்திரம் கிடையாது. பஹ்ரைனில் தலைமையகம் வைத்திருக்கும், பல நாடுகள் சேர்ந்த கூட்டுக் கடல் படைகளின் கப்பல்கள் ஆழ்கடலில் அவற்றைப் பிடிக்கும். போதைப்பொருளைக் கணக்கெடுத்து, மாதிரி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடலிலே கொட்டி அழித்துவிடும். ஆட்களை? பல தடவை அதே படகிலே ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எந்த நாட்டு நீதவான் முன்னால் நிறுத்துவது என்று தெரியாதே. பிடித்த நாட்டுச் சட்டத்திலே இடமில்லை, படகுக்கு நாடே இல்லை. அதே மாலுமி அடுத்த பருவம் இன்னொரு படகிலே வருவான். இலங்கை 2023-இல் அந்தக் கூட்டணியில் சேர்ந்தது. எங்கட சட்டத்தரணிகள் இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்லவேணும். மொழி. பாக்கு நீரிணையில் கடற்படை ஒரு படகைப் பிடிக்கும்போது ஏறுகிறவர் சிங்களம் பேசுவார், படகில் இருப்பவர் ராமேஸ்வரம் தமிழ் பேசுவார். முதல் பத்து நிமிடத்திலே என்ன கேட்டார்கள், இவர் என்ன சொன்னார் என்பது பிறகு கோப்பிலே வேறு வடிவமாக இருக்கும். ஒருமுறை ஒரு பெரியவர் "ஓட்டம் சரியில்ல, அதான் இங்கிட்டு வந்துட்டோம்" என்று சொன்னதாக என்னிடம் சொன்னார். நீரோட்டத்தைச் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் படகு ஓட்டியதிலே தவறு என்று ஒப்புக்கொண்டதாக இருந்தது. நான் திருத்திச் சொன்னேன், நீதவானும் குறித்துக்கொண்டார். திருத்த ஆள் இல்லாத நாட்களிலே?

கயிறு ஏற இரண்டு கிழமை பழக்குகிறவர்கள், 'பயப்படாதீர்கள், தண்ணீர் வேணுமா, எத்தனை பேர், யாருக்கும் காயமா' என்று ஐம்பது வசனம் அயல்நாட்டு மொழியிலே பழக்கக் கூடாதா?

---

தூத்தூர்_ஆழ்கடல்

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம். எங்க ஆட்கள் விசைப்படகில் ஐஸ் நிரப்பிக்கொண்டு சுறாவுக்கும் சூரைக்கும் மாதக்கணக்கில் போவார்கள். டியாகோ கார்சியா பக்கம் எல்லை தாண்டியதாகப் பிரிட்டிஷ்காரர்களிடம் மாட்டி, படகை இழந்து வந்தவர்கள் எங்க கரையில் உண்டு. சோமாலியா பேச்சு வந்தாலே எங்க வீட்டுப் பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நீங்கள் எல்லாம் கொள்ளையனைப் பிடிப்பது பற்றிப் பேசுகிறீர்கள். மீனவனைக் கொள்ளையன் என்று நினைத்தால்? 2012 பிப்ரவரி 15. 'எனரிகா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து, காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் 'செயின்ட் ஆண்டனி' படகில் இருந்த இரண்டு பேர் இறந்தார்கள். ஒருத்தர் கொல்லத்துக்காரர், ஒருத்தர் எங்க மாவட்டம். அந்தப் பையனுக்கு வயது அதிகம் இல்லை. வழக்கு எட்டு வருடம் இழுத்தது. 2020-இல் பன்னாட்டு நடுவர் மன்றம், அந்த வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் கட்டி 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. பணம் வந்தது. எங்க கரையில் அதைப் பற்றி இப்போது கேட்டாலும் யாரும் நிமிர்ந்து பேச மாட்டார்கள்.

படகு கப்பலை நோக்கி வருகிறது என்றால் தாக்க வருகிறது என்று அர்த்தம் இல்லை. எங்க தூண்டில் கயிறு மைல் கணக்கில் விரிந்து கிடக்கும். கப்பல் அதன் மேல் ஏறினால் லட்சக்கணக்கில் போச்சு. அதனால் நாங்கள் கப்பலுக்கு முன்னால் போய்க் கையைக் காட்டுவோம், சத்தம் போடுவோம், துணியை ஆட்டுவோம். இதை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

---

அலைவாய்க்கரை

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுதத் தோன்றவில்லை. பிரிட்ஜில் நின்று தூரத்தில் துணியை ஆட்டும் படகைப் பார்த்து 'என்ன இது' என்று பதறியவர்களில் நானும் ஒருவன். இனி அந்தக் கயிறு நினைவுக்கு வரும்.

கிள்ளான் நண்பர் எழுதிய பெயர் மாற்றும் விஷயத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். பெயரைப் பெயிண்டால் அழிக்கலாம். அதனால்தான் 2004 ஜூலையிலிருந்து கப்பலின் ஐ.எம்.ஓ. எண்ணை (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் அடையாள எண்) உடற்பகுதியில் நிலையாகப் பொறிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஏழு இலக்கம். போலி எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். உதாரணம் 9074729. ஒன்பதேழு 63, பூஜ்யம், ஏழைந்து 35, நாநான்கு 16, ஏழுமூன்று 21, இரண்டிரண்டு 4. கூட்டினால் 139. கடைசி இலக்கம் 9, சரி. பேனாவும் உள்ளங்கையும் போதும்.

ஒரு நாட்டு ரோந்துக் கப்பல் எங்களை நிறுத்தி ஏறியது. நாட்டைச் சொல்ல வேண்டாம். பைலட் ஏணியில் எட்டுப் பேர் ஏறினார்கள், ஏறியது அற்புதமாக இருந்தது. அலை தூக்கும் உச்சியில் ஏணியைப் பிடித்து, படகு கீழே இறங்கும்போது இவர்கள் மேலே இருந்தார்கள். ஆனால் ஏறிய பிறகு என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சரக்குப் பத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார் ஒருத்தர். மாலுமிப் பட்டியலை எடுத்துப் போனார், ரசீது தரவில்லை. கப்பலின் எண்ணை யாரும் பார்க்கவே இல்லை. நாங்கள் ஒழுங்கான கப்பல், தப்பில்லை. திருட்டுக் கப்பலாக இருந்திருந்தால் "நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்று அனுப்பியிருப்பார்கள். அவர்களுக்கு ஏறச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரோ, பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

---

சிவப்பு_மை

பழைய_நாவிக் ஐயாவின் பலகையை மறக்க முடியவில்லை. என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன், முழுவதும் இல்லை.

தேடிப் பார்த்தேன். ஜப்பான் 2015-இல் ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கியிருக்கிறது. ஒரு வருடம். முதல் பாதி தோக்கியோவில் கொள்கை ஆய்வுக் கல்லூரியில், பிறகு ஹிரோஷிமா மாகாணத்தின் குரே நகரில் உள்ள கடலோரக் காவல்படை அக்காடமியில். பாடத்தில் பன்னாட்டுச் சட்டமும் உண்டு. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் அதிகாரிகளோடு ஜப்பான் அதிகாரிகளும் ஒரே வகுப்பில். பிற்பாடு இலங்கையும் சேர்ந்தது. 2017-இல் வெளிநாடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கவே ஒரு தனிக் குழுவையும் அமைத்திருக்கிறார்கள். இது படத்துக்குப் போஸ் கொடுக்கும் பயிற்சி இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்கா பசிபிக் தீவு நாடுகளோடு செய்யும் ஒரு ஏற்பாடும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஷிப்ரைடர் என்கிறார்கள். கப்பல் அமெரிக்காவுடையது. அதில் அந்தத் தீவு நாட்டு அதிகாரி ஒருத்தர் ஏறிக்கொள்வார். அந்த நாட்டுக் கடலில் திருட்டு மீன்பிடிப் படகை நிறுத்தினால், அவர் அதிகாரத்தில்தான் சோதனை நடக்கும். தன் நாட்டுச் சட்டப்படி தானே எழுதி, தன் நீதிமன்றத்துக்கே கொண்டுபோவார். பக்கத்திலேயே நின்று வேலையும் கற்றுக்கொள்வார். ஆனால் கப்பல் எங்கே போகும் என்பதைக் கப்பல்காரன்தான் முடிவு செய்கிறான். அந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை.

---

மதுரை_வக்கீல்

அந்தக் கேள்வி இருக்கட்டும், விட வேண்டாம்.

பயிற்சி நீதிமன்றம் வரை போன ஒரு இடம் உண்டென்றால் அது கென்யா. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிடித்த சோமாலியக் கொள்ளையரை மொம்பாசாவில் விசாரிக்க ஏற்பாடானது. அதிலும் ஆரம்பத்தில் படாத பாடு. பிடித்தது ஒரு நாட்டுப் போர்க்கப்பல், அதன் மாலுமிகள்தான் சாட்சி. வழக்கு வரும்போது அவர்கள் உலகத்தின் வேறு மூலையில் இருப்பார்கள். சோமாலி மொழிபெயர்ப்பாளர் கிடைக்க மாட்டார். குற்றவாளிக் கூண்டில் இருப்பவருக்கு வக்கீல் வைக்கக் காசு இருக்காது. ஐ.நா. அலுவலகம் அப்போது கடலில் ஏறச் சொல்லிக்கொடுப்பதோடு நிற்கவில்லை. ஷிமோ லா தேவா சிறைக்குப் பக்கத்தில் 2010-இல் ஒரு நீதிமன்ற அறையைக் கட்டிக்கொடுத்தது. சாட்சிகள் வர வழி செய்தது, மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டுவந்தது, சிறையைச் சீர்செய்தது. எந்த வடிவத்தில் சான்று வந்தால் நம் நீதிமன்றத்தில் நிற்கும் என்று கென்ய அரசு வழக்கறிஞர்கள் கடற்படைகளுக்குச் சொல்லும் நிலை வந்தது. எனக்கு இதுதான் முக்கியம். வழக்கு நடத்தப் போகும் சின்ன நாடு சொல்ல, பெரிய போர்க்கப்பல் எழுதிக்கொண்டது. சீஷெல்ஸ் 2010-இல் தன் சட்டத்தையே திருத்தி, எங்கே பிடித்த கொள்ளையரையும் விசாரிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்தது.

நான் கேட்பது இதுதான். அடுத்த முறை ஜப்பான் கப்பல் சென்னைக்கு வரும்போது, கூட ஒரு அரசு வழக்கறிஞரையும், எல்லோ கேட் மாதிரி ஒரு காவல் நிலையத்திலிருந்து ஒரு எழுத்தரையும் கப்பலில் ஏற்றுங்கள். பயிற்சியின் கடைசி நாள் ஒரு மாதிரி நீதிமன்றம் வையுங்கள். போர்டிங் டீமின் தலைவரைக் கூண்டில் ஏற்றுங்கள். குறுக்கு விசாரணைக்கு என்னைப் போன்ற ஒருத்தரைக் கூப்பிடுங்கள். சம்பளம் கேட்க மாட்டோம்.

---

பழைய_நாவிக்

வக்கீல் சார், நான் கூண்டில் ஏறத் தயார். ஐந்தரை மணி நேரக் கணக்கைக் கேட்டுவிடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கேளுங்கள். இளம் பையன்கள் எதிரே உட்கார்ந்து பார்க்கட்டும்.

---

கொட்டியாரக்குடா

ஒரு மொழிபெயர்ப்பாளரையும் ஏற்றுங்கள். நாங்களும் சம்பளம் கேட்க மாட்டோம் என்று சொல்லமாட்டேன், கேட்போம். நல்ல மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுக்கவேணும். ஐம்பது வசனத்தை நான் எழுதத் தொடங்கிவிட்டேன், தமிழும் சிங்களமும். தூத்தூர்த் தம்பி, உங்கட கடல் சொற்களை எனக்குச் சொல்லித் தாருங்கோ. நீரோட்டம், காற்று, வலை, தூண்டில். அதிலேதான் எப்போதும் பிழை வருகிறது.

---

தூத்தூர்_ஆழ்கடல்

அக்கா, சொற்கள் தனியாக அனுப்புகிறேன். எங்க அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். ஒரு போர்டிங் ஆபிசர் எங்க படகில் ஏறினால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முதல்ல மூக்கைப் பயன்படுத்தச் சொல்லு. இருபது நாள் கடல்ல கிடந்த படகு எப்படி மணக்கும்னு தெரியணும். ஸ்டோரைத் திறந்து ஐஸைப் பார்க்கணும், மீனுக்கு மேல ஐஸ் எத்தனை அடுக்குன்னு பார்த்தா எத்தனை நாளாச்சுன்னு தெரியும். தூண்டில் பெட்டியைப் பார்க்கணும். முள்ளுல இரை ஒட்டிக் காஞ்சிருக்கும். எங்க ஆளுக கையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லு, கயிறு அறுத்த தழும்பு இல்லாத ஒரு கை இருக்காது. டீசல் பேரல் நிறைய இருக்குன்னு பயப்பட வேணாம், அவ்வளவு தூரம் போயிட்டு வர அது வேணும். கொக்கி வெச்ச நீளமான ஏணி இருந்தா மட்டும் நில்லுன்னு சொல்லு. மீன் பிடிக்க ஏணி எதுக்கு?"